சிவப்புக் கொடியும் வெள்ளைக் கொடியும்: சாமுராய்க் குலப்போர்களும் அவற்றைத் தீட்டிய ஓவியங்களும்

ஜப்பானிய ஓவியங்களில் திரும்பத் திரும்ப வரும் சாமுராய்க் குலப்போர்கள் எதற்காக நடந்தன, அவை இரு குடும்பங்களின் பரம்பரைப் பகைதானா, ஓவியத்தில் உள்ளபடியே போர் நடந்தது என்று நம்பலாமா என மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் விடை தேட வேண்டிய இடம் ஒன்றுதான். 1180 முதல் 1185 வரை நடந்த, ஜப்பானியர் கென்பெய் போர் என்று அழைக்கும் உள்நாட்டுப் போரே அந்த இடம். தைரா குலத்தார் சிவப்புக் கொடியின் கீழும் மினமோட்டோ குலத்தார் வெள்ளைக் கொடியின் கீழும் நின்று போரிட்டார்கள் என்பது ஜப்பானில் குழந்தைகளுக்கும் தெரிந்த செய்தி. இன்றைக்கும் அங்கே பள்ளி விளையாட்டு விழாவில் மாணவர்களைச் சிவப்பணி, வெள்ளையணி என்று பிரிக்கும் வழக்கத்தை இந்தப் போரோடு தொடர்புபடுத்திச் சொல்வார்கள். ஆனால் இவ்வளவு துலக்கமான இருநிறப் பிரிவு, போர் முடிந்த பின் எழுந்த கதைகளும் ஓவியங்களும் நமக்குத் தந்தது. களத்தில் நின்றவர்களைக் குடிவழி பார்த்துப் பிரித்தால் கணக்கு ஒத்துவராது. நிலமும் பதவியும் வெகுமதியுமே யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தன என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டு குலங்களும் அரச மரபிலிருந்து கிளைத்தவை. ஒன்பதாம் நூற்றாண்டில் பேரரசர்களுக்குப் பிள்ளைகள் மிகுந்துபோய், அனைவரையும் அரண்மனைச் செலவில் இளவரசர்களாக வைத்துக் காப்பாற்ற முடியாத நிலை வந்தபோது, வாரிசு வரிசையில் இல்லாதவர்களுக்குக் குடும்பப் பெயர் ஒன்றைக் கொடுத்துக் குடிமக்கள் நிலைக்கு இறக்கிவிடும் வழக்கம் ஏற்பட்டது. 814இல் பேரரசர் சாகா தம் பிள்ளைகள் சிலருக்கு மினமோட்டோ என்ற பெயரை வழங்கினார்; தைரா என்ற பெயரும் அடுத்த சில ஆண்டுகளில் இதே முறையில் வழங்கப்பட்டது. இவ்வாறு பெயர் பெற்றவர்களின் வழித்தோன்றல்கள் பல தலைமுறைகளாக மாகாணங்களுக்கு ஆளுநர்களாகச் சென்று, பதவிக்காலம் முடிந்த பின்னும் தலைநகர் கியோட்டோவுக்குத் திரும்பாமல் அங்கேயே நிலம் திருத்திக் குடியேறினார்கள். குதிரை வளர்ப்புக்கு ஏற்ற கிழக்குச் சமவெளியில் இரண்டு பெயர்களைக் கொண்ட குடும்பங்களும் அருகருகே வேரூன்றின. வரிவிலக்குப் பெற்ற பண்ணை நிலங்களின் உடைமை பெயரளவில் கியோட்டோவின் பிரபுக்களிடமும் கோயில்களிடமும் இருந்தது; அவற்றைக் காவல் காத்து, விளைச்சலைத் திரட்டி, அண்டை நிலத்தாரோடு எல்லைத் தகராறில் மோதும் வேலை இந்த ஆயுதம் தாங்கிய குடும்பங்களுடையது. சாமுராய் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பிரிவினர் உருவான சூழல் இதுதான்.

குலம் என்பது ஒரே அணியாக நின்று போரிடவில்லை என்பதற்கு 1156ஆம் ஆண்டின் ஹோகென் கலகமே போதிய சான்று. அரியணைப் போட்டியில் ஒரு பக்கம் முன்னாள் பேரரசர் சுடோகு, மறுபக்கம் அவருடைய தம்பியும் ஆட்சியில் இருந்த பேரரசருமான கோ-ஷிராகாவா. மினமோட்டோ தமேயோஷி சுடோகுவின் பக்கம் நின்றார். அவருடைய மூத்த மகன் யோஷிடோமோ எதிர்ப்பக்கம் நின்றார். தைரா குலத்தின் தலைவர் கியோமோரி கோ-ஷிராகாவாவுக்காகப் போரிட்டார். அவருடைய சிற்றப்பன் தடமாசா சுடோகுவுக்காகப் போரிட்டார். ஆக, ஒவ்வோர் அணியிலும் இரண்டு பெயர்க்காரர்களும் இருந்தார்கள். எதிரியின் அரண்மனைக்குத் தீ வைத்ததோடு ஓர் இரவுக்குள் சண்டை முடிந்தது. அதன் பின் நடந்ததுதான் கொடுமை. கியோமோரி தம் சிற்றப்பனைக் கொன்றார். யோஷிடோமோ தம் தந்தையையும் தம்பியரையும் கொல்லும்படி ஆணையிடப்பட்டு, அதை நிறைவேற்றவும் செய்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தலைநகரில் மரண தண்டனை நிறைவேற்றப்படாமல் இருந்த மரபு அத்தோடு முறிந்தது. தந்தையைக் கொன்ற பின்னும் கியோமோரிக்குக் கிடைத்த அளவு பரிசு தமக்குக் கிடைக்கவில்லை என்ற யோஷிடோமோவின் மனக்குறையே அடுத்த கலகத்துக்கு வழிவகுத்த காரணங்களுள் ஒன்று என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து.

அந்த அடுத்த கலகம் ஹெய்ஜி என்னும் ஆண்டுக்கணக்கின் முதலாம் ஆண்டின் கடைசி மாதத்தில், மேற்கத்திய நாள்காட்டிப்படி 1160 ஜனவரியில், வெடித்தது. கியோமோரி குமானோ கோயில்களுக்குப் புனித யாத்திரை சென்றிருந்த வேளை பார்த்து, ஃபுஜிவாரா நோபுயோரி என்ற அரண்மனைப் பிரபுவும் யோஷிடோமோவும் சேர்ந்து சஞ்ஜோ அரண்மனையை இரவில் தாக்கி, அப்போது ஓய்வுபெற்ற பேரரசராக இருந்த கோ-ஷிராகாவாவைச் சிறைப்பிடித்தார்கள். கியோமோரி விரைந்து திரும்பினார். இளம் பேரரசர் நிஜோ பெண் வேடமிட்டுத் தப்பி, தைரா குலத்தின் இருப்பிடமான ரொகுஹாராவுக்கு வந்து சேர்ந்ததும் அரச அங்கீகாரம் கியோமோரியின் கைக்கு மாறியது. தோற்றோடிய யோஷிடோமோ, அடைக்கலம் தேடிச் சென்ற இடத்தில் தம்முடைய ஆளாலேயே கொல்லப்பட்டார். அவருடைய மகன் யோரிடோமோ சிறுவன் என்பதால் உயிர் தப்பி, இஸு தீபகற்பத்துக்கு நாடு கடத்தப்பட்டான்.

இந்த இரவுத் தாக்குதலைத் தீட்டிய ஓவியச்சுருள் ஒன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜப்பானியப் போர் ஓவியங்களில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் நான் தயங்காமல் இதைத்தான் காட்டுவேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில், அதாவது நிகழ்ச்சி நடந்து ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் வரையப்பட்டது. வரைந்தவர் பெயர் தெரியவரவில்லை. உயரம் சுமார் 41 சென்டிமீட்டர், நீளம் சுமார் ஏழு மீட்டர். ஒரே பார்வையில் விரித்துப் பார்க்கும் பொருளாக அது செய்யப்படவில்லை. வலமிருந்து இடமாக, ஒரு முழம் விரித்து, பார்த்த பகுதியைச் சுருட்டிக்கொண்டே அடுத்த முழத்துக்குப் போக வேண்டும். இந்த முறையை ஓவியர் எவ்வளவு கூர்மையாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்பது, புத்தகத்தில் அச்சிட்ட ஒற்றைப் படத்தைப் பார்ப்பவர்களுக்குப் புலப்படாமலே போய்விடுகிறது.

தொடக்கத்தில் மாட்டுவண்டிகளும் குதிரைகளும் அரண்மனைத் தொண்டர்களும் செய்தி கேட்டுப் பதறி ஒரே திசையில் ஓடுகிறார்கள். முட்டி மோதும் வண்டிகளின் சக்கரத்தடியில் ஓர் ஆள் சிக்கிக்கொண்டிருக்கிறார். கூட்டத்தில் ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அரண்மனையின் நீண்ட மதில் வருகிறது. அதைக் கடந்து விரித்தால் முன்னாள் பேரரசரை ஏற்றுவதற்காகக் கொண்டுவந்து நிறுத்திய வண்டியும் அதைச் சூழ்ந்த வீரர்களும் தெரிகிறார்கள். அதற்கும் இடப்பக்கம் நெருப்பு. கூரைகளை விழுங்கிக்கொண்டு, கருஞ்சிவப்பும் செம்மஞ்சளும் புகைக்கருமையும் கலந்து, சுருளின் மேல்விளிம்பு வரை எழும் அந்தத் தீயை, நான் அறிந்தவரை, பிற்கால ஜப்பானிய ஓவியர் எவரும் விஞ்சவில்லை. தீயின் அடியில் வெட்டு நடக்கிறது. தரையில் கிடப்பவர்களின் கழுத்தை அறுக்கிறார்கள். அறுத்த தலைகளை நீள்பிடி வாளின் நுனியில் கட்டித் தூக்கிச் செல்கிறார்கள். அரண்மனைப் பெண்கள் பலவண்ண அடுக்காடைகளோடு ஓடுகிறார்கள், விழுகிறார்கள், மிதிபடுகிறார்கள். ஓரிடத்தில் ஒரு கிணறு. தீக்கும் வாளுக்கும் அஞ்சிப் பெண்கள் அதற்குள் ஒருவர் மேல் ஒருவராகக் குதித்திருக்கிறார்கள். அடியில் இருந்தவர்கள் நீரில் மூழ்கியும், நடுவில் இருந்தவர்கள் நசுங்கியும், மேலே இருந்தவர்கள் தீயில் கருகியும் மாண்டார்கள் என்று இந்தக் கலகத்தைப் பாடும் போர்க்கதை சொல்கிறது.

இறுதிப் பகுதியில் கூட்டம் மெல்லக் கலைகிறது. சிறைப்பிடித்த வண்டியைச் சுற்றி வீரர்கள் ஊர்வலமாகப் போகிறார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால், வெற்றுத் தாளின் பரப்பில், ஒரே ஒரு வில்வீரன் செல்கிறான். அத்துடன் ஓவியம் முடிகிறது. இதில் நாயகன் என்று ஒருவரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். யோஷிடோமோ யார், நோபுயோரி யார் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வெற்றியைக் கொண்டாடுவதற்காக வரைந்த படமாக எனக்கு இது தோன்றவில்லை. போர்வீரர்களின் ஒழுங்கான திறமையையும் அந்தத் திறமை நிராயுதபாணிகள் மீது இறங்கும்போது விளையும் பயங்கரத்தையும் ஒரே தூரிகையால், எதையும் தணிக்காமல் காட்டியிருக்கிறார்கள். இதே தொகுதியைச் சேர்ந்த வேறு இரண்டு சுருள்கள் ஜப்பானில் இருக்கின்றன. பேரரசர் நிஜோ ரொகுஹாராவுக்குத் தப்பிச்செல்லும் காட்சி டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் நாட்டின் பொக்கிஷமாகப் பாதுகாக்கப்படுகிறது. அரசவை அறிஞர் ஷின்செய்யின் தலையை வாள்நுனியில் தெருவழியே கொண்டுபோகும் காட்சி டோக்கியோவின் செய்காடோ தொகுப்பில் இருக்கிறது.

அந்தக் காலப் போர்முறையை அறிவதற்கும் இந்தச் சுருள்கள் பேருதவி செய்கின்றன. சாமுராய் என்றவுடன் இரு கைகளாலும் வாளைப் பிடித்து நிற்கும் உருவம்தான் இன்று பலருக்கும் நினைவுக்கு வரும். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சாமுராய் முதலாவதாகக் குதிரை மேலிருந்து அம்பு எய்பவர். தம் தொழிலையே 'வில்லும் குதிரையும் கற்ற வழி' என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். வில் இரண்டு மீட்டருக்கும் அதிக நீளமுள்ளது. ஆனால் பிடி நடுவில் இராமல், கீழிருந்து மூன்றிலொரு பங்கு உயரத்தில் இருக்கும். கவசம் தோலாலும் இரும்பாலும் ஆன சிறு தகடுகளை அரக்குப் பூசி, பட்டுக் கயிறுகளால் வரிசை வரிசையாகக் கோத்துச் செய்தது. முழு எடை முப்பது கிலோவை நெருங்கும். வில்லைப் பிடிக்க இரண்டு கைகளும் வேண்டியிருப்பதால் கேடயம் ஏந்த வழியில்லை. அதனால்தான் இரு தோள்களிலும் அகன்ற சதுரப் பலகைபோலத் தொங்கும் தோட்காப்புகள் இருக்கின்றன. வீரன் குனியும்போது அவை முன்னால் சரிந்து முகத்தையும் தோளையும் மறைக்கும். ஓவியங்களில் குதிரைகள் கம்பீரமாகத் தெரிந்தாலும், காமாகுராவில் அகழ்ந்தெடுத்த இடைக்காலக் குதிரை எலும்புகள் அவை தோளுயரம் ஏறத்தாழ 130 சென்டிமீட்டரே உள்ள மட்டக்குதிரைகள் என்று காட்டுகின்றன. இவ்வளவு எடையைச் சுமந்த சிறிய குதிரையால் நெடுந்தூரம் பாய்ந்தோட முடியாது. கவசத்தின் இடுக்கு பார்த்து அம்பு விட வேண்டுமானால் எதிரியை மிக நெருங்கவும் வேண்டும். ஆகவே சண்டை என்பது சிறு சிறு குழுக்கள் ஒன்றையொன்று வளைத்துச் சுற்றும் ஓட்டமாகவே இருந்திருக்கும். இதையும் தாண்டி, அப்போரில் மிகுதியாகக் கையாண்ட உத்தி தீ வைப்பதும் எதிர்பாராத நேரத்தில் தாக்குவதும்தான். இருதரப்பு வீரர்களும் முன்வந்து தம் பெயரையும் முன்னோர் புகழையும் முழங்கி, தகுதியான எதிராளியைத் தேர்ந்து மோதினார்கள் என்பது போர்க்கதைகளின் அழகு. அது எல்லாப் போர்களிலும் பின்பற்றிய விதி என்று கொள்வதற்கில்லை.

வெட்டிய தலைகள் ஓவியங்களில் ஏன் இவ்வளவு வருகின்றன என்பதும் நிலத்தோடு தொடர்புள்ள செய்தியே. போருக்குப் பின் தலைகளை வரிசையாக வைத்து, அவை யாருடையவை என்று உறுதிசெய்து, எடுத்தவருக்குரிய வெகுமதியைக் குறித்துக்கொள்வார்கள். வெகுமதி என்றால் பெரும்பாலும் ஒரு பண்ணை நிலத்தின் நிர்வாக உரிமை. இந்த மனநிலையை அப்பட்டமாகக் காட்டும் ஓவியம் இன்னொன்று உண்டு. 1274இலும் 1281இலும் மங்கோலியப் படையெடுப்புகளை எதிர்த்துப் போரிட்ட தகெசாகி சுவெநாகா என்ற சிறு நிலக்கிழார், தமக்கு உரிய பரிசு கிடைக்கவில்லை என்று தெற்குத் தீவான கியூஷூவிலிருந்து சாமுராய் அரசு இருந்த காமாகுரா வரை பயணம் செய்து முறையிட்டுப் பெற்றார்; பின்னர் தம் வீரச்செயல்களையும் அந்த முறையீட்டையும் சேர்த்தே ஓவியச்சுருளாக வரைவித்தார். வழக்காடுவதைப் போருக்கு நிகராகப் படத்தில் வைக்க அவர் கூச்சப்படவில்லை.

இனி 1180க்கு வருவோம். ஹெய்ஜி வெற்றிக்குப் பின் கியோமோரி 1167இல் நாட்டின் தலைமை அமைச்சரானார். மகளைப் பேரரசருக்கு மணமுடித்து, 1180இல் தம் பேரன் அன்டோகுவைக் குழந்தைப் பருவத்திலேயே அரியணையில் ஏற்றினார். இதனால் உரிமை இழந்த இளவரசர் மொச்சிஹிதோ, தைராவுக்கு எதிராகக் கிளம்பும்படி நாடெங்கும் ஆணை அனுப்பினார். அவர் சில வாரங்களில் கொல்லப்பட்டாலும், இஸுவில் இருபது ஆண்டுகளாக நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த யோரிடோமோவுக்கு அந்த ஆணை ஒரு முகாந்திரமாக அமைந்தது. கிழக்கு நிலக்கிழார்களிடம் அவர் சொன்னதன் சாரம் மிக எளியது: என் பக்கம் வந்தால் உங்கள் நிலத்தை உங்களுக்கே உறுதிசெய்து தருகிறேன். தலைநகர்ப் பிரபுக்களின் தயவில் ஆண்டுதோறும் நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய வாக்குறுதி வேறில்லை.

வந்து சேர்ந்தவர்கள் யார்? யோரிடோமோவின் மனைவி மசாகோவின் குடும்பமான ஹோஜோ தைரா வழியினர் என்று சொல்லிக்கொண்டவர்கள். மியூரா, சிபா, ஹதகெயாமா, கஜிவாரா ஆகிய குடும்பங்களும் தைரா வழி வந்தவையே. மினமோட்டோப் படை என்று நாம் சொல்லும் படையின் முதுகெலும்பு, குடிவழிக் கணக்கில், தைரா. மாறாக, கிழக்கில் இருந்த மினமோட்டோக் கிளையான சடாகே குடும்பத்தை யோரிடோமோ அதே 1180இல் படையெடுத்து ஒடுக்கினார். தலைநகரிலிருந்து தைராவை 1183இல் முதலில் விரட்டிய கிசோ யோஷிநாகா யோரிடோமோவின் சிற்றப்பன் மகன். 1184 தொடக்கத்தில் யோரிடோமோ அனுப்பிய படையே அவரைக் கொன்றது. தைராவைக் கடல் வரை துரத்தி வெற்றி தேடித்தந்த தம்பி யோஷிட்சுனேயையும் 1189இல் தற்கொலை செய்துகொள்ளும் நிலைக்குத் தள்ளினார். குலப்பகை இதில் துளியும் இல்லை என்று நான் சொல்லவில்லை. தந்தையின் சாவுக்குப் பழிவாங்கும் எண்ணம் யோரிடோமோவுக்கு இருந்திருக்கும். அவர் பின்னால் திரண்ட ஆயிரக்கணக்கானோருக்கு அந்தப் பழியில் பங்கில்லை. தங்கள் வயல் எல்லையை நினைத்தே அவர்கள் வில்லெடுத்தார்கள்.

போரின் நடுவே, 1181இலும் 1182இலும், கொடிய பஞ்சம் வந்தது. கியோட்டோவில் வாழ்ந்த கவிஞர் கமோ நோ சோமெய் அதைக் கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார். நின்னாஜி மடத்துத் துறவி ஒருவர், தெருவில் கிடந்த ஒவ்வொரு பிணத்தின் நெற்றியிலும் முக்திக்காக சமஸ்கிருதத்தை எழுதப் பயன்படும் சித்தம் எழுத்துமுறையின் 'அ' என்ற எழுத்தை எழுதிக்கொண்டே சென்றதாகவும், இரண்டு மாதங்களில் தலைநகரின் ஒரு பகுதியில் மட்டும் அவ்வாறு எண்ணிய தலைகள் 42,300க்கு மேல் என்றும் அவர் குறிப்பிடுகிறார். இந்தப் போரைப் பற்றிய எண்ணற்ற பிற்கால ஓவியங்களில் அந்த நெற்றிகளுக்கு இடம் கிடைக்கவில்லை. படைகள் இரண்டாண்டு பெரும்போர் இல்லாமல் தேங்கி நின்றதற்குப் பஞ்சமே முக்கியக் காரணம் என்பதால், இதைத் தவிர்த்துவிட்டுப் போரைப் புரிந்துகொள்ள முடியாது.

ஓவியத்துக்கும் ஆவணத்துக்கும் உள்ள இடைவெளியைக் காட்ட இச்சினோதானி போரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இன்றைய கோபே நகரை ஒட்டிய கடற்கரையில் 1184இல் நடந்தது இந்தப் போர். கப்பலை நோக்கிக் குதிரையைக் கடலுக்குள் செலுத்திய தைரா இளைஞன் அட்சுமோரியை, கிழக்கு வீரர் குமகாய் நவோசானே விசிறியசைத்துத் திரும்ப அழைக்கிறார்; அவன் திரும்பி வருகிறான்; மணலில் வீழ்த்தித் தலைக்கவசத்தை நீக்கினால் தம் மகன் வயதுள்ள முகம். விட்டுவிட நினைத்தாலும் பின்னால் தம் பக்கத்து வீரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். கண்ணீரோடு தலையை அறுத்த பிறகு அவன் இடையில் ஒரு புல்லாங்குழல் இருக்கக் காண்கிறார். அந்தத் துயரமே அவரைத் துறவுக்குச் செலுத்தியது என்று தைரா குலத்தைப் பாடும் போர்க்கதையான 'ஹெய்கே கதை' சொல்கிறது. நோ என்னும் ஜப்பானிய மரபு நாடக வகையின் ஆசிரியர் செயாமி இதை நாடகமாக்கினார். பிற்கால மடிப்புத்திரை ஓவியர்களும் அச்சுப்பட ஓவியர்களும் கடலில் திரும்பும் குதிரையையும் கரையில் உயர்த்திய விசிறியையும் எத்தனையோ முறை வரைந்தார்கள். யோரிடோமோ நிறுவிய காமாகுரா அரசின் வரலாற்றேடான 'அசுமா ககாமி' 1192ஆம் ஆண்டின் கீழ் வேறொன்று சொல்கிறது: உறவினர் ஒருவரோடு நில எல்லை வழக்கில் யோரிடோமோவின் முன்னிலையில் சரிவர வாதாட முடியாமல் சினந்து, ஆவணங்களை வீசியெறிந்து, தம் குடுமியைத் தாமே அறுத்துக்கொண்டு குமகாய் வெளியேறினார் என்று. அவர் பின்னாளில் துறவி ஹோனெனின் சீடரானது உண்மை. மணலில் அழுததும் நடந்திருக்கலாம். ஆனாலும் நில வழக்கை எந்தத் திரை ஓவியரும் தீட்டவில்லை; அந்த வழக்குத்தான் அந்தக் காலத்துச் சாமுராயின் அன்றாடம்.

1185 ஏப்ரலில், ஹோன்ஷூவுக்கும் கியூஷூவுக்கும் இடையிலுள்ள குறுகிய நீரிணையில், டான்-நோ-உரா கடற்போரோடு எல்லாம் முடிந்தது. தைரா பக்கம் இருந்த தலைவர் ஒருவர் கட்சி மாறியதும் தோல்வி உறுதியாயிற்று. கியோமோரியின் மனைவி, பேரன் அன்டோகுவைக் கையில் ஏந்திக் கடலில் இறங்கினார். அரச சின்னங்கள் மூன்றில் கண்ணாடியும் மணியும் மீட்கப்பட்டன, வாள் கிடைக்கவில்லை. தோற்றவர்களின் ஆவிகள் அமைதியடையாவிட்டால் வாழ்பவர்களைத் துன்புறுத்தும் என்ற அச்சம் அக்காலத்தில் ஆழமாக இருந்தது. பார்வையற்ற துறவிப் பாடகர்கள் பீவா என்னும் நரம்புக்கருவியை மீட்டி, மாண்டவர்களுக்குச் சாந்தியாகவே இந்தக் கதையை ஊர் ஊராகப் பாடினார்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அப்படி வளர்ந்த ஹெய்கே கதைக்கு 1371இல் பாடகர் ககுயிச்சி சொல்லி எழுதவைத்த வடிவமே இன்று பெரும்பாலும் படிக்கப்படுகிறது. புத்தர் தங்கியிருந்த ஜேதவனத்தின் மணியோசையில் நிலையாமை ஒலிக்கிறது என்றுதான் அது தொடங்குகிறது. போரில் வென்றவர் மினமோட்டோ. கதையின் நெஞ்சம் தைராவிடம். ஜப்பானியக் கலை எண்ணூறு ஆண்டுகளாகத் தோற்றவர் பக்கம் சாய்ந்து நிற்பதற்கு இந்த வேண்டுதலே முதன்மைக் காரணம் என்று நினைக்கிறேன்.

பிந்தைய நூற்றாண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் ஹொசோகாவா, யமானா ஆகிய இரு பெரும் குடும்பங்களின் தலைமையில் மோதிய படைகள் கியோட்டோவைச் சாம்பலாக்கின; அதிலும் வாரிசுரிமைக்காக ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகள் எதிரெதிர் அணியில் நின்றன. அப்போது புதிதாகப் பெருகிய காலாட்கள் கோயிலைக் கொள்ளையடித்துப் பலகைகளைப் பெயர்த்துக்கொண்டு ஓடும் காட்சி, ஷின்னியோடோ கோயில் வரலாற்றைக் கூறும் 1524ஆம் ஆண்டு ஓவியச்சுருளில் இருக்கிறது. 1543இல் துப்பாக்கி வந்தது. 1575இல் நகாஷினோவில் தகேடா குதிரைப்படையை ஓடா நொபுனாகாவின் துப்பாக்கிகள் சிதைத்தன. 1600இல் செகிகஹாராவில் டோகுகாவா இயெயாசு வென்றார்.

கென்பெய் போரின் புகழ்பெற்ற ஓவியங்களுள் பெரும்பாலானவை இயெயாசுவின் வெற்றிக்குப் பின் வந்த டோகுகாவா ஆட்சியின் அமைதிக்காலத்தில், அதாவது நிகழ்ச்சிக்கு நானூறு ஆண்டுகளுக்கும் மேலான பின்னர், உருவானவை என்பதை மறக்கக் கூடாது. ஆறு மடிப்புகள் கொண்ட இணைத் திரைகளில், ஒன்றில் இச்சினோதானி, மற்றொன்றில் அதே போரின் வேறொரு களமான யஷிமா என்று, பொன்தகட்டு மேகங்களின் இடைவெளிகளில் நூற்றுக்கணக்கான சிறு உருவங்களை வைத்து வரைவது பதினேழாம் நூற்றாண்டில் பெருவழக்கு. பொன்மேகம் ஒரு காட்சியிலிருந்து மற்றொன்றைப் பிரிக்க உதவுகிறது. அதோடு பிணங்களையும் புகையையும் நாசூக்காக மறைத்தும் விடுகிறது. யஷிமாவில் படகின் உச்சியில் கட்டிய விசிறியை நாசு நோ யோயிச்சி ஒரே அம்பால் வீழ்த்தும் காட்சி இத்தகைய திரைகளில் பெரும்பாலும் உண்டு. அசுமா ககாமியில் அது இல்லை. இயெயாசு தம்மை மினமோட்டோ வழியினராகக் காட்டிக்கொண்டே 1603இல் நாட்டை ஆளும் படைத்தலைவர் என்ற ஷோகன் பட்டம் பெற்றார் என்பதை நினைவில் வைத்தால், மாளிகை வரவேற்பறைகளில் இந்தத் திரைகள் நின்றதன் பொருள் விளங்கும்.

மர அச்சுப் படங்களின் கதை வேறு. சமீபத்திய போர்களையும் டோகுகாவா குடும்பத்தையும் அச்சிடுவதற்கு அரசு தடை விதித்திருந்தது. இயெயாசுவுக்கு முன் நாட்டை ஆண்ட டொயொடோமி ஹிதெயோஷியைப் பற்றிய படங்களுக்காக 1804இல் அச்சுப்பட ஓவியர் உடமாரோ தண்டிக்கப்பட்டார். ஆகவே வீரர் படம் விற்க விரும்பிய பதிப்பாளர்களுக்குப் பழைய தைரா-மினமோட்டோக் கதைகளே பாதுகாப்பான வழியாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சுப்பட ஓவியர் குனியோஷி, யோஷிட்சுனேயின் கப்பலைப் புயலில் சூழும் தைரா ஆவிகளைக் கடலின் மேல் கருநிழல்களாக மூன்று தாள்களில் விரித்து வரைந்தது அவ்வழியில் பிறந்த உச்சம். அதைக் கலையாகப் போற்றலாம். 1185இன் கவசமும் கப்பலும் எப்படியிருந்தன என்று அதில் தேடக் கூடாது.

ஆகவே ஓவியத்தைச் சான்றாகக் கொள்ளலாமா என்ற கேள்விக்கு, எப்போது வரைந்தது, யார் பணம் கொடுத்தார்கள் என்ற இரண்டையும் முதலில் விசாரித்துக்கொண்டு கொள்ளலாம் என்பேன். வெற்றி பெற்றவர்களுக்காகவே வரைந்த ஓவியத்திலும் உண்மை வெளிப்படுவதுண்டு. 1615இல் ஒசாகாக் கோட்டை வீழ்ந்ததைக் காட்டும் இணைத் திரைகள் ஒசாகாக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. டோகுகாவா பக்கம் போரிட்ட குரோடா குடும்பத்தின் உடைமையாக வழிவந்தவை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மனித உருவங்கள் அவற்றில் உள்ளன. வலத்திரை முழுவதும் அணிவகுத்த படைகள். இடத்திரையின் பெரும்பகுதியில் படை இல்லை, ஊர் மக்கள் இருக்கிறார்கள்: மூட்டை முடிச்சோடு ஆற்றைக் கடப்பவர்கள், வழியில் உடைமை பறிகொடுப்பவர்கள், வென்ற வீரர்கள் கையைப் பிடித்து இழுத்துச் செல்லும் பெண்கள். சஞ்ஜோ சுருளை வரைந்தவருக்கும் இதை வரைந்தவர்களுக்கும் இடையே முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. இருவரும் கேட்ட கேள்வி ஏறத்தாழ ஒன்றே.

தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை: முதலில் சஞ்ஜோ சுருளை, பிறகு ஒசாகா இடத்திரையை, அதன் பின் பொன்மேகத் திரைகளை, கடைசியாகக் குனியோஷியைப் பாருங்கள். பழைய தாளும் நிறமும் வெளிச்சத்தில் கெடுவதால் மூலச்சுருள்களை அருங்காட்சியகங்கள் எப்போதாவது, குறுகிய காலத்துக்கே காட்சிக்கு வைக்கின்றன. பயணம் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கும் படங்கள் கிடைக்கின்றன. அவற்றை இடமிருந்து வலமாக நகர்த்தாமல், வலது ஓரத்தில் தொடங்கி, திரையில் ஒரு முழ அளவு மட்டும் தெரியும்படி பெரிதாக்கிக்கொண்டு இடப்பக்கம் நகருங்கள்.